தை முடியும்வரை தொடக்கூடாது

கல்யாணப் பந்தியில் வடையைப் பிட்டு, வாயில் போடாமல் மூக்கருகே கொண்டுபோய், "இது எந்த விதை?" என்று கேட்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து இலை என்னுடையது.

"உளுந்து சார்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாவ கேக்கல. எண்ணெய கேட்டேன். கடலன்னு சொல்லிகினு இருக்காங்க. கடலயும் இல்ல, சூரியகாந்தியும் இல்ல. பாமாயிலு. ஆறட்டும் பாரு, மேலண்ணத்துல மெழுகு மாரி ஒட்டும்."

ஒட்டத்தான் செய்தது. பெண் வீட்டார் என் பெரியம்மா குடும்பத்தார். அவர் சொன்னது நாலு இலை தாண்டிக் கேட்டுவிட்டது. பாயசம் வருவதற்குள் பெரியப்பா வந்து, "இன்னா சார், சாப்ட வந்தீங்களா, சோதன போட வந்தீங்களா?" என்று எதிரே நின்றார். அவர் கொஞ்சமும் அசையவில்லை. சட்டைப்பையிலிருந்து மருந்துப் புட்டி ஒன்றை எடுத்து, "மீந்த எண்ணெ இருந்தா இதுல கொஞ்சம் ஊத்தித் தரச் சொல்றீங்களா?" என்றார். பெரியப்பாவுக்கு வந்த கோபத்தில், நானே எழுந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. போகிற போக்கில் சமையற்காரரிடம் கேட்டுப் புட்டியை நிரப்பிக்கொண்டுதான் போனார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பழைய விஷயத்தோடு சேர்த்துத்தான் ஊர் அதைப் படிக்கும். அது நான் அவருக்குச் செய்கிற இரண்டாவது துரோகமாகிவிடும். முதலாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கல்யாணம் நடந்து இரண்டு மாதத்தில் அவர் இருந்த இடத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற சாலையில், ஒரு அரிசி ஆலையின் பின்பக்கக் கொட்டகை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. பட்டு நூல் முறுக்கும் மில்காரர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி நொந்துபோயிருந்தார்கள். ஆலை முதலாளிக்கு யாரோ யோசனை சொல்ல, புங்கம், இலுப்பை என்று கொட்டை வாங்கி ஆட்டி அந்த எண்ணெயில் பயோடீசல் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். எண்ணெயைச் சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் விட்டுக் கலக்கி, அடியில் இறங்குகிற கிளிசரினை வடித்து, மேலே நிற்பதைக் கழுவி எடுப்பது என் வேலை. அது இன்ஜினில் ஊற்றத் தகுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை.

ஒல்லியான ஆள். கண்ணாடியின் ஒடிந்த காதைச் சிவப்புப் பட்டு நூலால் சுற்றியிருப்பார். எந்நேரமும் சட்டைப்பை எண்ணெய்க் கறையோடு இருக்கும். முதலாளி வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். கொட்டை மூட்டை வந்தால் எழுந்து போவார். மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பல்லால் கடித்து முகர்ந்து பார்ப்பார். மேலாக இருப்பதை ஒருநாளும் எடுக்க மாட்டார்.

விதைகளைப் பற்றி அவர் பேசுவது, பெண்ணுக்கு வரன் தேடுகிறவர் பையன்களைப் பற்றி விசாரித்துச் சொல்கிற மாதிரி இருக்கும்.

"ஆமணக்கு முரடு. தேன் மாரி கெட்டி. பம்பு அத தள்ள முடியாம மூச்சு வாங்கும். சரியா தூவாது. எரியாதது எல்லாம் கரியா வெளிய வரும். புங்கம் நல்ல புள்ள. ஆனா கொட்ட பழசாச்சுன்னா புளிப்பு ஏறிப்பூடும். புளிப்பு பாக்காம காஸ்டிக்க போட்டின்னு வையி, எண்ணெ டீசலாவாது, சோப்பாவும்."

"இலுப்ப சார்?"

"அது மாரி எரியறது எதுவும் இல்ல. இன்ஜின் சத்தமே அடங்கிப்பூடும். எத்தினி நாள் வச்சாலும் கெடாது. ஆனா பனி ஆவாது. வெளக்குக்கு வாங்கி வெச்ச இலுப்ப எண்ணெ மார்கழியில எப்படி இருக்கும்? ஊட்ல கேட்டுப் பாரு."

கேட்க வேண்டியதில்லை. மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டிலும் இலுப்பெண்ணெய்ப் புட்டி அடுப்போரத்துக்குக் குடிபோய்விடும். விடியற்காலையில் நெய்யாக உறைந்து நிற்கும். அடுப்புச் சூட்டில் இளகினால்தான் விளக்கில் ஊற்ற முடியும். இந்தப் பக்கத்தில் இது தெரியாத வீடு கிடையாது.

"காய்ச்சி டீசலாக்கிட்டா அந்த கொணம் போயிடாதா சார்?"

"நீ எவ்ளோ வேணா காய்ச்சு, எவ்ளோ வேணா கழுவு. விதையோட புத்தி போவாது."

ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் கால் லிட்டர் புட்டியில் ஒன்று எடுத்து வைப்பார். அதன்மேல் காகிதம் ஒட்டி விதையின் பெயர், தமிழ் மாதம், கையெழுத்து. பிறகு சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொல்லி, இன்னொரு சிறு குப்பியில் அதே எண்ணெயை ஊற்றி, தெர்மாமீட்டரோடு ஐஸில் இறக்கி, எப்போது மங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்குப் 'பனி பார்க்கிறது' என்று பெயர். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் பனி பார்ப்பார். கிண்டல் செய்தால், "வெயில் வந்து கேக்காது. பனிதான் வந்து கேக்கும்" என்பார்.

அலமாரியில் புட்டிகள் நிறைந்து, ஜன்னல் திண்டில் நிறைந்து, கடைசியில் தரையிலும் வரிசை கட்டின. முதலாளிக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. "இன்னா பேஜாருயா இது! வித்த சரக்குக்கு எதுக்கு சாட்சி?" என்பார். இவர் அடுத்த புட்டிக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவர் முதலாளி பேச்சைக் கேட்டார். ஆமணக்கெண்ணெய் மலிவாக வந்திருந்தது. புங்கத்தோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஒன்றும் ஆகாது என்று முதலாளி நச்சரித்தார். இவர் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று சோதித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது போனது ஒரு முறுக்கு மில்லுக்கு. மில் இருந்த தெருவில் அன்று காலை ஒரு நெசவாளி குடும்பம், தறியில் ஏற்ற வேண்டிய நீள நூலைத் தெருவோடு விரித்துப் பாவு நீட்டிக் கட்டியிருந்தது. சந்தன வெள்ளை நிறப் பட்டு, கல்யாணப் புடவைக்கு. கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரைந்து, இருமி, கறுப்பாகக் கக்கியது. காற்று தெருப்பக்கம் அடித்தது. ஐந்து நிமிடத்தில் பாவு முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கரி.

முதலாளி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஜெனரேட்டர்காரன் இன்ஜினைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. இவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக அந்தத் தெருவுக்குப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்தக் குடும்பத்து அம்மா தெருவில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். யார் இவர், என்ன என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் திரும்பி வந்திருக்கலாம்.

"எண்ணெ எங்க எண்ணெதாம்மா. தப்பான விதைய கலந்துட்டோம். கையெழுத்து என்னுது" என்றார்.

அந்தம்மாவின் கணவர் அடிக்கக் கை ஓங்கிவிட்டார். பிறகு ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், "இன்னா சார் நீ, நீயே வந்து மாட்டிக்கினியே" என்றார். பாவை மறுபடி சாயம் போட்டு அரக்கு நிறமாக்கினார்கள். கல்யாண வீட்டார் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் புடவை நெய்து முடியும்வரை இவர் வாரம் ஒருதடவை அங்கே போய்த் தறியருகே நின்றுவிட்டு வருவார். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"என் எண்ணெ அங்கதான இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு, ஒரே ஒருநாள் தவிர, விதை எது என்று கேட்காமல், பனி பார்க்காமல், அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆடியில் வாங்கிய இலுப்பைக் கொட்டையில் எட்டு மூட்டை மீந்து நின்றபோது, மூட்டைக்கு மேலே சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்: 'இலுப்பை. தை முடியும்வரை தொடக்கூடாது.'

தொட்டது நான்.

ஜவ்வாது மலையில் ஒரு மருத்துவ வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மலைக் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆட்களைக் கீழே இறக்கி வருகிற வண்டி. அதற்கு எங்கள் எண்ணெய் இலவசம். ஒரு சொட்டு டீசல் கலக்காமல் ஓடுகிறது என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். வாரம் ஒரு பேரல். மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அப்போது தேசூரில் இவருடைய தங்கை கணவர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கிளம்பும்போது, "புங்கம் பழசு. புளிப்பு பாத்துட்டு அப்புறம் காஸ்டிக்க போடு. அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் வரவில்லை.

நான் அவசரப்பட்டேன். எனக்கு வேலை தெரியும் என்ற திமிர். புளிப்புப் பார்க்காமல் கைக்கணக்கில் காஸ்டிக்கைக் கொட்டினேன். ஒரு மணி நேரத்தில் டேங்க் முழுக்கப் பழுப்புக் கூழ். ஒரு பேட்ச் புங்கெண்ணெயும் சோப்பாகிவிட்டது. இன்னொரு தடவை சரக்கைக் கெடுத்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். கூழைக் கொட்டகைக்குப் பின்னால் குழியில் தள்ளி, மேலே உமியைப் போட்டு மூடினேன். பிறகு அந்தச் சுவர்ப்பக்கம் போனேன்.

எட்டு மூட்டையையும் ஆட்டினேன். எழுத்தைப் படிக்காமல் இல்லை. படித்துக்கொண்டேதான் மூட்டையை இழுத்தேன். காய்ச்சி டீசலாக்கிவிட்டால் அது விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதையோட புத்தி போவாது என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அதையும் தள்ளிவிட்டேன்.

அவர் வந்தது உச்சி வெயிலில். மூன்று நாள் தூங்காத கண்கள். பேரலை ஏற்றிப்போக வண்டியின் டிரைவர் வந்து காத்திருந்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் புட்டியை நிரப்பி மேசைமேல் வைத்திருந்தேன். வெயிலில் தங்கமாகத் தெளிந்து இருந்தது.

"எந்த விதை?"

"புங்கம் சார்."

"புளிப்பு பாத்தியா?"

"பாத்தேன்."

"பனி?"

"பாத்தேன் சார். ஐஸ்ல வச்சேன். மங்கல."

புட்டியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன்.

"ஜல்தி ஆவட்டும் சார், அவருக்கு மல ஏறணும்" என்றார் முதலாளி.

அவர் காகிதத்தில் 'புங்கம், மார்கழி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் விடியற்காலையில், மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி கீழே இறங்கியது. மூன்றாவது வளைவில் இரண்டு தடவை துள்ளி நின்றுவிட்டது. டேங்க்கில் எண்ணெய் உறைந்து, ஃபில்டரை மெழுகாக அடைத்திருந்தது. அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் இல்லை. டிரைவர் இறங்கிக் கீழ்நோக்கி ஓடினார். குழந்தை வண்டியிலேயே பிறந்தது. அந்தப் பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை. வெயில் ஏறி, எண்ணெய் தானாக இளகி, வண்டி கிளம்பியபோது அவள் உயிரோடு இல்லை.

கொட்டகைக்கு மறுநாள் செய்தி வந்தது. முதலாளி வழக்கம்போல் முந்திக்கொண்டார். "ஃபில்டர மாத்தாம ஓட்டிகிறான் அந்த டிரைவரு. நம்ம எண்ணெ சுத்தம்" என்றார். டிரைவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விசாரணைக்கும் கூப்பிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து அலமாரி எதிரே நின்றுகொண்டிருந்தார். ஆரணியிலும் அன்று நல்ல பனி. வரிசையில் புங்கம் என்று எழுதிய மற்றப் புட்டிகள் தெளிந்திருந்தன. கடைசிப் புட்டி மட்டும் வெள்ளையாக நின்றது. எடுத்துச் சாய்த்தார். எண்ணெய் அசையவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தார். எழுத்து இருந்தது, மூட்டைகள் இல்லை.

பேனாவை எடுத்துக் காகிதத்தில் 'புங்கம்' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'இலுப்பை' என்று எழுதினார். கையெழுத்தை அப்படியே விட்டுவிட்டார்.

காலில் விழப் போனேன். தள்ளி நின்றார்.

"இப்ப விழாத. அந்த டிரைவருக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது."

புட்டியை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதலாளி வாசலில் மறித்தார். முதலில் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், கடைசியில் கொட்டகையை மூடிவிட்டால் பத்துக் குடும்பம் என்ன ஆகும் என்று கேட்டார். இவர் சுற்றிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடி, "நானும் வரேன் சார். நான்தான்னு சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லணும்னு தோணுதா, வா" என்றார்.

போனேன். விசாரணை அதிகாரியின் ஆபீஸ் வாசல்வரை போனேன். எதிரே டீக்கடை இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். அவர் வெளியே வந்தபோது மூன்றாவது டம்ளர் என் கையில் இருந்தது. டிரைவர் தப்பித்தார். வழக்கு இவர்மேல் திரும்பியது. சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவர் என்று ஆயிற்று.

அந்த வாரமே மலைக்குப் போனார். அந்தப் பெண்ணின் புருஷனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றார். அங்கேயாவது சொல்லிவிடுவது என்று நானும் போனேன். மண்சுவர் வீடு. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. வாசலில் நின்றபடி இவர், அடுத்த வாரம் விசாரணையில் ஒப்படைக்கச் சொல்லியிருந்த புட்டியைப் பையிலிருந்து எடுத்தார். அந்தப் பனியில் கட்டியாகியிருந்தது.

"தப்பு வண்டியில இல்லீங்க. எண்ணெயில. கையெழுத்து என்னுது" என்றார்.

அந்த ஆள் வாங்கிப் பார்த்தான். மூடியைத் திறந்து விரலால் தொட்டான். தொட்டதுமே தெரிந்துவிட்டது அவனுக்கு.

"இது இலுப்பதான? பனியில ஒறையும்னு எங்க ஊட்ல சின்ன புள்ளைக்கும் தெரியுமே சார். படிச்சவங்க நீங்க, இதையா வண்டிக்கு ஊத்தினீங்க?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுதான் எனக்கு ஞாபகம். சத்தம் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். போளூர் நெருங்கும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"மூக்கு சொல்லுச்சு அன்னிக்கே. புங்கத்துக்கு அந்த கசப்பு வாசன இருக்கும், அது இல்ல. ஆனா நீ பனி பாத்தேன்னு சொன்னியே. சரி, நம்ம மூக்குதான் தூக்கம் இல்லாம கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருக்கலாம். தன் மூக்கைவிட என் வார்த்தையை நம்பியதாகச் சொல்லிவிட்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கொட்டகை மூடப்பட்டது. வழக்கு இழுத்தடித்து, கடைசியில் அபராதத்தோடு முடிந்தது. அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. காந்தி ரோட்டில் ஒரு எண்ணெய்க் கடையில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வேறொரு அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். அந்த எண்ணெய்க் கடை இருக்கிற ரோட்டைத் தவிர்த்து, சந்து சந்தாகச் சுற்றிப் போவேன். ஒரே ஊரில் பதினோரு வருஷம் ஒரு மனிதரின் கண்ணில் படாமல் இருக்க முடியும் என்பதை நான் நிரூபித்துக் காட்டினேன். அவ்வளவு கேவலமான சாமர்த்தியம்.

போன புரட்டாசியில் அவர் இறந்துவிட்டார். எடுக்கிற அன்று போகவில்லை. காரியம் முடிந்த பிறகு போனேன். அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்தார்.

"கேஸ் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்தாங்க. இத உங்ககிட்ட குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு. ஏன்னு சொல்லல. நானும் கேக்கல."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சொந்த மனைவியிடம்கூட அவர் என் பொய்யைச் சொல்லவில்லை.

"மார்கழி வந்தா ஒருநாள் கெளம்பி மலைக்குப் போயிடுவாரு. இந்தப் புட்டிய எடுத்துகினு இல்ல, சும்மாதான். யாரு இருக்காங்க அங்கன்னு கேட்டா, 'என் எண்ணெ அங்கதான இருக்குது'ன்னுவாரு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றும் அதையே செய்தேன், பாருங்கள்.

இந்த மார்கழியில் அந்தப் புட்டியோடு மலைக்குப் போனேன். மண்சுவர் இப்போது சிமென்ட் சுவராகியிருந்தது. வாசலில் ஒரு பெண் பள்ளிக்கூட யூனிஃபார்மில் தலைவாரிக்கொண்டிருந்தாள். பதினோரு வயது இருக்கும். "அப்பா, யாரோ வந்துகிறாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அவன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

"சார் கூட வந்தவருதான நீங்க? சார் வரலீங்களா? வருஷம் தப்பாம வருவாரே."

இறந்துவிட்டார் என்றேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். நான் நின்றுகொண்டே சொன்னேன். சோப்பான பேட்ச், உமிக்குழி, எட்டு மூட்டை, சுவரில் இருந்த எழுத்து. ஒன்றையும் விடவில்லை. பஸ்ஸில் அவர் சொன்னதையும் சொன்னேன்.

"சார் உங்கள கேட்டாரா, எந்த விதைன்னு?"

"கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"புங்கம்னு சொன்னேன்."

என் கையிலிருந்த புட்டியை வாங்கினான். எண்ணெய் கட்டியாக நின்றது. அதைக் கொண்டுபோய் முற்றத்தில் வெயில் விழுந்த இடத்தில் வைத்தான். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் முதலில் இளகியது. பிறகு நடுவில் வெள்ளையாக ஒரு உருண்டை மட்டும் மிதந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கரைந்து, அன்றைக்கு மேசைமேல் இருந்ததுபோலத் தெளிந்துவிட்டது.

அந்தப் பெண் பாதி பின்னிய சடையோடு அப்பாவிடம் வந்தாள்.

"அப்போ அந்தத் தாத்தா ஒண்ணும் பண்ணலியாப்பா?"

"இல்ல."

"போன வருஷம் வந்தப்ப நான் அவர திட்டிட்டேனே. எங்கம்மாவ கொன்னுட்டு எதுக்கு இங்க வரேன்னு கேட்டேனே. அவரு ஒண்ணும் சொல்லாம பிஸ்கட்ட வச்சிட்டுப் போனாரு."

அவன் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். அவள் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப்போல் பார்வையைத் திருப்ப இங்கே டிரைவர் இல்லை. அவள் கண்ணையே பார்த்தேன்.

அவன் எழுந்து போய்ப் புட்டியை எடுத்து வந்து என் கையில் திணித்தான்.

"எடுத்துகினு போ. இது இங்க வேணாம்."

இறங்குகிற பஸ்ஸில் புட்டி மடியில் கிடந்தது. அதில் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. காகிதம் பழுத்து ஓரம் கிழிந்திருந்தது. அடித்த புங்கம், எழுதிய இலுப்பை, கீழே அவர் கையெழுத்து. பேனாவை எடுத்து அந்தக் கையெழுத்தை அடித்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். மறுநாள் விடிந்து வீட்டு அலமாரியைத் திறந்தபோது எண்ணெய் மறுபடி உறைந்திருந்தது.